நானூறு வருசப் பட்டம்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாளும் இல்லை, கிழமையும் இல்லை. நினைத்தவுடன் எல்லாம் நடக்க வேண்டும். ஆறு மாதமாகத் தகப்பன் வீடு இருக்கிற பியர்பொன்ட்ஸ் பக்கமே வராத ஷெரோன், தடித்த குளிர் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல், வருகிற சனிக்கிழமையே தனக்கும் ஒலிவருக்கும் கலியாணம் என்று தகப்பன் சவிரிமுத்துவிடம் சொன்னாள்.

“தவக்காலத்தில எங்கட ஆக்கள் கலியாணம் வைக்கிறதில்லை. ஈஸ்டர் முடியட்டும்.”

“ஏலாது அப்பா. ஒலிவரின்ட தேப்பன் இங்கிலாந்தில பிரபு. நானூறு வருசத்துக்கு முதல் ராசா குடுத்த பட்டம்.”

“மெற்றோ ரயிலில வேலைக்குப் போறவன்ர தேப்பன் பிரபுவோ?”

“ஓம். பட்டம் மூத்த ஆம்பிளைப்பிள்ளைக்குத்தான் போகும். ஒலிவர்தான் மூத்தவர்.”

“ஆம்பிளைப்பிள்ளை இல்லாட்டி?”

“தம்பிக்கு.”

“பொம்பிளைப்பிள்ளைக்கு ஒண்டுமில்லை! எங்கட பக்கம் வீடே பொம்பிளைப்பிள்ளைக்குத்தான்.” கிழவருக்குக் கதை பிடித்துவிட்டது. “சரி, கலியாணத்துக்கு முதல் பிறந்தவனெண்டால்?”

“கிடையாது.”

“பேந்து தாயைக் கட்டினால்?”

“கட்டினாலும் கிடையாது அப்பா.”

“அதுக்கு உனக்கென்ன அவசரம்?”

ஷெரோன் ஜாக்கெட்டின் சிப்பைக் கீழே இழுத்தாள். வயிறு முன்னே வந்தது.

“ஆம்பிளைப்பிள்ளையாம். ஈஸ்டருக்கு முதல் பிறந்திடுவான்.”

சவிரிமுத்து நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டினார்.

“எங்கை போறியள்?”

“பங்குச் சுவாமியிட்ட. காலில விழுந்தெண்டாலும் சனிக்கிழமையைக் கேக்க வேணும்.”

கதவருகில் நின்று திரும்பினார்.

“நானூறு வருசமும் எல்லாரும் கலியாணத்துக்குப் பிறகுதான் பிறந்தவையாமோ? ஆர் நம்புறது!”

முணுமுணுத்தபடியே பனியில் இறங்கி நடந்தார்.