வராத கடல்பன்றிகள்

"என் பேரு ரைமொண்ட்ஸ். வயசு இருபத்தஞ்சு. இருக்கிற இடம் ஓர்க்னி, ஈடே தீவுக்கு மேற்கே, படகுல. தொண்ணூறாவது நாள். கண்ணுல பட்ட கடல்பன்றி... பூஜ்யம்."

அவன் சொல்லச் சொல்ல ஃபோன் எழுதிக்கொண்டது.

"தினம் எதுக்குடா வயசைச் சொல்றே? உனக்கு நாங்க பொண்ணா பாக்கப்போறோம்?" என்றார் படகோட்டி எர்லண்ட், ரொட்டியை மென்றபடி.

"படிவத்துல கேட்டிருக்கு அண்ணே."

கீழே, கடலடியில், நீரோட்டத்தில் சுழன்று மின்சாரம் எடுக்கும் ராட்சத விசிறி. டால்ஃபினுக்கு உறவான கடல்பன்றிகளை அது விரட்டுகிறதா என்று பார்ப்பதுதான் இருவருக்கும் வேலை. ஒன்றிரண்டு வந்தால் போதும், கண்காணிப்பு இன்னும் இரண்டு வருஷம் நீளும். இன்றுதான் கடைசி நாள்; இன்றும் பூஜ்யம் என்றால் விசிறியைக் கழற்றிவிடுவார்கள். ரைமொண்ட்ஸின் வேலை போகும், கூடவே விசாவும்.

"ரெண்டு பாத்தேன்னு போடேன். கடல்பன்றி வந்து சாட்சியா சொல்லப்போகுது?"

"பொய் சொல்ல வராது அண்ணே."

"அப்போ லாத்வியாவுக்கு மூட்டையைக் கட்டு!"

படகு ஒரு குலுங்கு குலுங்கி இன்ஜின் நின்றது. எர்லண்ட் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"புரொப்பெல்லர்ல பாசி சுத்திக்கிச்சு. பயப்படாதே, நீரோட்டமே கரைக்குக் கொண்டுபோயிடும்."

படகு மிதந்தது. சில நிமிஷம் போயிருக்கும், இன்னும் விசிறிக்கு மேலேதான். பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"ப்ஃப்ஃ!"

ஒரு கரிய முதுகு. இன்னொன்று. கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல, குட்டியோடு ஒரு தாய். பார்த்த பக்கமெல்லாம் முதுகுகள் எழுந்து எழுந்து அமிழ்ந்தன. கடலே மூச்சு விடுவது போலிருந்தது. எர்லண்ட் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"நாப்பது வருஷமா இந்தத் தண்ணியிலேயே கிடக்கேன்... இப்படிப் பாத்ததில்லைடா."

முப்பத்தொன்று வரை எண்ணிய ரைமொண்ட்ஸுக்குச் சட்டென்று முகம் வாடியது. "விசிறி நின்னுபோச்சு போல அண்ணே. அதான் தைரியமா வந்திருக்கு. இது கணக்குல சேராது."

ரேடியோவில் கரை நிலையத்து கிர்ஸ்டியைக் கேட்டான்.

"நின்னுபோச்சா? யார் சொன்னா? காலையிலேர்ந்து முழு வேகத்துல சுத்துது!"

இருவர் பார்வையும் நின்றுகிடந்த படகு இன்ஜின் மேல் போனது. எர்லண்ட் வேண்டாம் என்பது போல மெல்லத் தலையாட்டினார். ரைமொண்ட்ஸ் மறுபடி ஃபோனை எடுத்தான்.

"திருத்தம். இன்னிக்கு முப்பத்தொண்ணு. நீரோட்டம் அடிச்சுட்டுப் போகாம இருக்க, தினமும் இன்ஜினை ஓடவிட்டுட்டுத்தான் உக்காந்திருந்தோம். இன்னிக்குத்தான் அந்தச் சத்தம் நின்னுச்சு. படிக்கிறவங்க தயவுபண்ணி விசிறியை விட்டுட்டு, எங்க படகைக் கடல்லேர்ந்து எடுத்துடுங்க."