வடாம் காவல்

"உங்க பொண்ணையும் வடாத்தோட சேர்த்து வெயில்ல காயப் போட்டுட்டாங்க சார்" என்று முனிரத்தினம் சொன்னதிலிருந்து கதிரேசனுக்குச் சோறு இறங்கவில்லை.

முனிரத்தினம், மகள் தமிழினி வாழ்க்கைப்பட்ட மாடம்பாக்கத்தில் தண்ணீர் கேன் போடுகிறவர். அவள் வீட்டுக்குப் பக்கத்து மாடிக்குக் கேன் தூக்கும்போது பார்த்தாராம். ஞாயிறானால் மொட்டை மாடியில் வடாமைப் பரப்பி, காக்கா ஓட்ட மருமகளை உட்கார வைத்துவிடுகிறாளாம் மாமியார்க்காரி.

வாரத்தில் ஆறு நாள் ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டரில் மல்லுக்கட்டுகிற பெண். ஓய்வென்று கிடைப்பதே அந்த ஒரு நாள்தான்.

மனைவி கங்கம்மா தடுத்தும் அவர் கேட்கவில்லை.

"பெட்டியை எடுன்னு சொல்லிக் கையோட கூட்டிட்டு வந்துடறேன்" என்று பீர்க்கன்கரணையிலிருந்து வண்டியைக் கிளப்பிவிட்டார்.

சம்பந்தி வீட்டுக் கூடம் நிறைய ஆம்பிளைகள். மாப்பிள்ளை உதயா, அவன் அப்பா, சித்தப்பா பையன்கள். டி.வி.யில் கிரிக்கெட், தட்டில் பஜ்ஜி.

மாமியார் செல்லியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தாள்.

"வாங்க சம்பந்தி. மோர் குடிக்கிறீங்களா?"

"தமிழினி எங்க?"

"மாடியில. வடாம் காவல்."

சொன்னதோடு விடவில்லை. படிக்கட்டுப் பக்கம் திரும்பி, கூடத்துக்கே கேட்கும்படி, "தமிழினி, காக்கா வருது பாரு. பொழுது சாயறதுக்குள்ள கீழ இறங்கினே, தெரியும் சேதி" என்று ஒரு சத்தம் போட்டாள்.

மாப்பிள்ளை டி.வி.யிலிருந்து தலையைத் திருப்பவே இல்லை. கதிரேசன் இரண்டிரண்டு படியாக ஏறினார்.

மேலே தண்ணீர்த் தொட்டி ஓரம் பச்சை வலை கட்டியிருந்தது. அந்த நிழலில் ஒரு சாய்வு நாற்காலி. பக்கத்தில் மோர்ச் சொம்பு. தமிழினி காலை நீட்டிக்கொண்டு தடித்த நாவல் ஒன்றில் மூழ்கியிருந்தாள். தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். வடாம் துணி மேல் ஒரு காக்கா நிதானமாக நடந்து போனது.

அவர் கனைத்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"அப்பா, எப்ப வந்தீங்க?"

கதிரேசன் குனிந்து ஒரு வடாமை எடுத்தார். விரல் பட்டதும் படக்கென்று உடைந்தது.

"காஞ்சு போச்சேம்மா."

"வாங்கும்போதே காஞ்சதுதாம்பா. கடை வடாம்."

"என்னது?"

"போன மாசத்திலேருந்து இதே பாக்கெட்தான். அத்தை காலையில பரப்புவாங்க, சாயங்காலம் அள்ளிடுவாங்க."

"எதுக்கு இந்தக் கூத்து?"

"ஹால்ல புக்கோட உட்கார்ந்தா, 'சும்மாதானே இருக்க, ஒரு டீ போடேன்'னு ஆளாளுக்குக் கூப்பிடுவாங்க. அத்தை பார்த்தாங்க. 'புக்கு படிக்கிறான்னா எவனும் உன்னை விடமாட்டான். வடாம் காவல்னா ஒருத்தனும் கூப்பிட மாட்டான். மேல போய்ப் படி'ன்னு அனுப்பிட்டாங்க."

"அப்ப டீ?"

"அவங்களே போட்டுடறாங்க. படிச்ச கதையை அவங்களுக்குச் சொல்லணும், அதான் கூலி. இங்க கொஞ்ச நேரம் படிச்சா வாரம் பூரா பட்ட அலுப்பு எங்க போச்சுன்னே தெரியலப்பா."

புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். "அம்மாகிட்ட ஒரு நாவல் கொடுத்தேனே, முடிச்சிட்டாங்களா?"

அந்த நாவல் ஃபிரிட்ஜ் மேலேயே கிடக்கிறது. கங்கம்மா அதைக் கையில் எடுத்த போதெல்லாம் டீ கேட்டது யார் என்று கதிரேசனுக்குத் தெரியும்.

"என்னப்பா, முகமே சரியில்லை. என்ன விஷயமா வந்தீங்க?"

பெட்டியை எடு என்று சொல்ல வந்தவர், உடைந்த வடாமைத் துணியிலேயே வைத்தார்.

"ஒண்ணுமில்லம்மா. காவலுக்கு இன்னொரு ஆள் வேணுமான்னு உங்க அத்தைகிட்ட கேளு. அடுத்த ஞாயித்துக்கிழமை உங்கம்மாவைக் கூட்டிட்டு வரேன்."