பாக்கெட் இல்லாத சட்டை

ஸ்கூல் பேண்டு போட்டி மேடையில எல்லா வாத்தியமும் கரெக்டா நின்னுபோச்சு. அடுத்த நொடி பெரிய டிரம் மட்டும் தனியா ஒண்ணு போட்டுச்சு. "டம்!"

அரங்கமே கொல்லுன்னு சிரிச்சுது. கைக்கு வரவேண்டிய கோப்பை பக்கத்து ஸ்கூலுக்குப் போயிடுச்சு.

தையல்காரம்மாவுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பேண்டு குழு பன்னெண்டு பேருக்கும் சட்டை தச்சது அவங்கதான். அதுகூடப் பரவால்ல. வீட்டுல இருக்குற சட்டியெல்லாம் நசுங்குற அளவுக்கு டிரம் பழகினது அவங்க மக! அவளைக் கடைசி வரிசையில முக்கோணக் கம்பியத் தட்ட விட்டுட்டு, டிரம்மை அந்தச் சோடாபுட்டிப் பொண்ணுகிட்ட குடுத்திருக்காங்க.

விறுவிறுன்னு மேடைக்குப் பின்னாடி போனாங்க.

"ஏன் சார், உங்களுக்குக் காது இருக்கா இல்லையா?"

"இருக்கும்மா. அந்த டம் எனக்கும் கேட்டுச்சு"ன்னார் மியூசிக் சார்.

"நக்கலா? அந்தப் பொண்ணுக்கு யார் சார் சிபாரிசு?"

சார் தலையச் சொறிஞ்சார். "சிபாரிசுதான்மா. யாருன்னு சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

"அப்படியா? நாளைக்குக் காலையில ஹெட்மாஸ்டர் ரூம்ல உக்காருவேன். அந்த டிரம் கை மாறாம நகர மாட்டேன்!"

மக ஓடிவந்து அம்மா கையப் புடிச்சு, நாற்காலி அடுக்கியிருந்த மூலைக்கு இழுத்துட்டுப் போனா.

"மானத்த வாங்காதம்மா. சிபாரிசு பண்ணினதே நான்தான்."

"என்னடி உளர்ற?"

"மெதுவா பேசு. அவகிட்ட பேனா மாதிரி ஒண்ணு இருந்துச்சும்மா. புகை இழுக்குறது. சாயங்காலமானா பாத்ரூம் பின்னாடி போயிடுவா. விடணும்னு பார்க்குறேன், முடியலடின்னு எங்கிட்ட ஒரே அழுகை. எங்க பாட்டுல ரெஸ்ட்டே இல்லாதது பெரிய டிரம் மட்டும்தான். ரெண்டு கைக்கும் வேலை."

"உன் கம்பிய அவளுக்குக் குடுக்குறது?"

"அது நாலு வரிக்கு ஒரு டிங். மிச்ச நேரம் கொட்டாவி."

தையல்காரம்மாவுக்குச் சட்டுன்னு ஒண்ணு உறைச்சுது. "யார் சட்டையிலயும் பாக்கெட் வைக்காதன்னு அடம் புடிச்சியே... ஃபேஷன்னு சொன்னியேடி!"

"அந்தப் பேனாவ வைக்க இடம் இருக்கக்கூடாதுல்ல. அவளுக்கு மட்டும் இல்லேன்னா எல்லாரும் கேப்பாங்கல்ல? மூணு மாசமா அவ தொடலம்மா. இப்பப் போய் டிரம்மைப் புடுங்கிட்டா..."

அதுக்குள்ள சோடாபுட்டியே வந்து நின்னா. கண்ணு வீங்கியிருந்துச்சு. கக்கத்துல டிரம் குச்சி.

"ஸாரி ஆன்ட்டி. என்னாலதான் தோத்துட்டோம்."

தையல்காரம்மா நாக்கு நுனியில வெச்சிருந்த திட்டை முழுங்கினாங்க. "விடு. அடுத்த தடவ கடைசி அடிய எண்ணி அடி."

அவ போகாம நெளிஞ்சா.

"ஆன்ட்டி... என் சட்டைக்கு மட்டும் ஒரு பாக்கெட் வெச்சுத் தர்றீங்களா?"

அம்மாவும் மகளும் ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

"எதுக்கும்மா?"ன்னாங்க தையல்காரம்மா.

"இந்தக் குச்சிய வைக்க. வீட்டுக்குப் போற வழியில கை சும்மா இருந்தாத்தான் ஆன்ட்டி கஷ்டமா இருக்கு. அப்பப்ப இத எடுத்து உருட்டிக்கிட்டே போயிடுவேன்."

தையல்காரம்மா கைப்பையில இருந்து இஞ்ச் டேப்ப எடுத்தாங்க. குச்சிய நீட்டச் சொன்னாங்க.

சண்டைக்குன்னு வரிஞ்சு கட்டிட்டுப் போய், அளவு எடுத்துட்டுத் திரும்பி வந்த கதை உங்க வீட்டுலயும் உண்டா?