பேர் வைப்பதில் கெட்டிக்காரர்

"விடக்கூடாதுங்க! இன்னைக்கு விட்டுட்டோம்னா நாளைக்கு நம்ம பொண்ணு தலை நிமிர்ந்தே நடக்க முடியாது!"

மனைவி சொல்லிக்கொண்டே இருக்க, மருந்துக்கடைக்காரர் தன் பழைய காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அது இருமியது, முனகியது, அப்புறம் அடியோடு படுத்துவிட்டது.

பள்ளிக்கூடத்திலிருந்து தலைமையாசிரியை போன் செய்திருந்தார். "வகுப்புல நிறத்தைச் சொல்லிக் கேலி பண்ணின விஷயம். அப்பா அம்மா ரெண்டு பேரும் வரணும்." அவ்வளவுதான் சொன்னார். மேற்கொண்டு விளக்கம் எதற்கு? முந்தின நாள் சாயங்காலம் வந்ததிலிருந்து பொண்ணு சாப்பிடவில்லை. போர்வைக்குள் சுருண்டு அழுதாள். என்னம்மா என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை.

பிழைக்க வந்த ஊரில் இந்த நிறத்துக்காக அவர் பட்டது கொஞ்சமா? கடைக்கு வருகிறவர்கள்கூட, "வேற யாராவது இருக்காங்களா?" என்று அவர் தலைக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். அது போதாதென்று இப்போது பெற்ற பிள்ளையையுமா?

"என்ன சார், வண்டி மக்கர் பண்ணுதா?" பக்கத்து வீட்டு ரொட்டிக்காரர் தன் வேனிலிருந்து அந்த ஊர் பாஷையில் கேட்டார்.

"அவசரமா பள்ளிக்கூடம் போகணும்."

"நானும் அந்தப் பக்கந்தான் போறேன். ஏறுங்க."

"கரிச்சட்டி நல்ல நேரத்துல வந்தான்," என்று மருந்துக்கடைக்காரர் மனைவியிடம் தமிழில் சொல்லிக்கொண்டே ஏறினார்.

கரிச்சட்டி அவர் வைத்த பேர். பேர் வைப்பதில் அவர் கெட்டிக்காரர். வெளுத்த மாடிவீட்டுக்காரர் சுண்ணாம்பு டப்பா, தபால்காரர் நெட்டைக் கொக்கு. ரொட்டிக்காரர் வேறு இனம், இவரைவிட நல்ல கறுப்பு. ஆகவே அவர் கரிச்சட்டி, அவர் மகள் சின்னச்சட்டி. ரொட்டி மாவு அப்பிக்கொண்டு மனுஷன் பாதி நாள் வெள்ளையாகத்தான் திரிவார், ஆனாலும் வைத்த பேர் வைத்ததுதான். பாஷை தெரியாதவர் முன்னால் என்ன சொன்னால் என்ன? இவர்கள் அவர் முகத்துக்கு நேரே சொல்லிச் சிரிப்பார்கள். எதற்கென்று தெரியாமல் அவரும் கூடச் சிரிப்பார். வீட்டில் அது ஒரு தனி குஷி.

முன் சீட்டில் இருவரும் ஒடுங்கிக்கொண்டார்கள். பின்னால் ரொட்டித் தட்டுகள் கடகடவென்று ஆடின.

"சின்னப் பிள்ளைக்கு என்னங்க தெரியும்? வீட்டுல பேசுறதைத்தானே வெளியில பேசும்?" என்றாள் மனைவி.

"பின்னே? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்! பெத்தவங்களைத்தான் கேக்கணும்."

ரொட்டிக்காரர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினார்.

பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டபோது, "வண்டியை ஓரமா நிறுத்திட்டு நானும் வரேன்," என்றார்.

"ஐயோ, வேண்டாம். நீங்க உங்க வேலையைப் பாருங்க. இது எங்க கஷ்டம்," என்று மருந்துக்கடைக்காரர் பெருந்தன்மையாக மறுத்துவிட்டு உள்ளே விரைந்தார்.

தலைமையாசிரியையின் மேஜைக்கு முன்னால் மூன்று நாற்காலிகள் போட்டிருந்தன. "வந்ததுக்கு நன்றி. ரொம்ப வருத்தமான விஷயம்..." என்று அவர் ஆரம்பித்ததுதான் தாமதம், மருந்துக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார்.

"மேடம், நிறத்தை நாங்களா கேட்டு வாங்கினோம்? பிள்ளை மனசு என்ன பாடுபடும்! சொன்ன குழந்தையைச் சும்மா விடக்கூடாது. பெத்தவங்களைக் கூப்பிட்டு, இங்கேயே நிக்க வெச்சு மன்னிப்புக் கேக்க வைக்கணும். மாட்டேன்னா அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பிடுங்க. இல்லேன்னா இது திருந்தவே திருந்தாது!"

அவர் குரல் உடைந்தது. மனைவி கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

தலைமையாசிரியை அசந்துபோனார். "சார், இத்தனை வருஷத்துல இவ்வளவு நேர்மையா ஒருத்தர் பேசி நான் கேட்டதில்லை. அதுவும் சொந்தப் பொண்ணு மேலேயே இவ்வளவு கண்டிப்பா..."

"சொந்தப் பொண்ணு மேலயா?"

"அவதானே சொன்னது? உங்க பாஷையில ஏதோ ஒரு வார்த்தையைச் சொல்லி, ஒரு பொண்ணைப் பெஞ்சுல உட்கார விடாம விரட்டியிருக்கா. வகுப்பே சேர்ந்து அதையே கத்தியிருக்கு. அந்தப் பொண்ணோட அப்பா அர்த்தம் சொன்ன பிறகுதான் எங்களுக்கே விளங்குச்சு. நேத்தே உங்க பொண்ணைக் கூப்பிட்டுக் கண்டிச்சேன், அழுதுட்டே போனா. இனிமே அவளை இங்க வெச்சுக்கறதா வேண்டாமான்னு அவரையும் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு இருக்கேன். இதோ, அவரே வந்துட்டார்."

கதவைத் தள்ளிக்கொண்டு ரொட்டிக்காரர் உள்ளே வந்தார். சட்டைக் கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டு, மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மருந்துக்கடைக்காரர் தானாகவே எழுந்து நின்றுவிட்டார்.

"உட்காருங்க சார்," என்றார் ரொட்டிக்காரர், நல்ல தமிழில். "உங்க ஆளுங்ககிட்டதான் ரொட்டி சுடக் கத்துக்கிட்டேன். என்னைச் சொன்னப்போ எல்லாம் சிரிச்சுட்டுப் போயிட்டேன், பொண்ணு அழுதுட்டு வந்து நின்னப்போ முடியலை. யாரையும் எங்கேயும் அனுப்ப வேண்டாம். பேர் வைக்கிறதுல நீங்க கெட்டிக்காரர்தான், ஆனா என் பொண்ணுக்கு நாங்க ஏற்கெனவே ஒரு பேர் வெச்சிருக்கோம்."