ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்

“ரீஸ்டார்ட் பண்ணிடாத ரகு, எல்லாரையும் வெளிய தள்ளிடும்! ரீலோடு போதும். அதுக்கு மின்ன செட்டிங் ஃபைல டெஸ்ட் பண்ணு.” கிறிஸ்டினா அதட்ட, ரகுவின் விரல் கீபோர்டின் மேலேயே நின்றுவிடுகிறது. கும்மிடிப்பூண்டி கம்பெனிப் பேருந்துகள் எங்கே வருகின்றன என்று காட்டும் இணையதளம் இருவருடையது. மதிய ஷிப்ட் கூட்டத்தில் அது திணறுகிறது. ஒரே நேரத்தில் எத்தனை பேரை ஏற்கலாம் என்ற அளவை ரகு இப்போதுதான் அந்த ஃபைலில் கூட்டியிருக்கிறான். தளம் படுத்தால் தொழிலாளர்களுக்குப் பேருந்து தவறும், அன்றைய வேலையும் போகும். டெஸ்டில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனது தெரிகிறது. “தப்பிச்சோம். கேட்லயே கட்டி வெச்சி உதைச்சிருப்பானுங்க” என்றபடி அதைப் போட்டு, சர்வரை நிறுத்தாமலே புது அளவை ஏற்கவைக்கும் ரீலோடைக் கொடுக்கிறான். தளத்தைத் திறக்கும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு வரியாகக் கருந்திரையில் விழுந்துகொண்டிருந்தது நிற்கவேயில்லை. இன்னும் வேகமாக விழுகிறது. உருக்காலைத் தூசி படிந்த சன்னல் வழியே பழுப்பு வெயில் மேசையில் கிடக்கிறது. பக்கத்து ஊர்களான ஆரணியில், எளாவூரில், கையால் வெயிலை மறைத்துப் போனைப் பார்க்கும் அத்தனை முகங்களும் வரிகளாக ஏறிப் போவதைக் கிறிஸ்டினா இமைக்காமல் பார்க்கிறாள். உள்ளே எல்லாம் மாறியது ஒருவருக்கும் தெரியாது. “எங்கம்மாவும் எளாவூர் ஸ்டாப்புல நின்னுகினு பாத்துகினுதான் இருக்கும்” என்கிறாள் மெதுவாக. “ரகு, இதுல அது எந்த வரின்னு காட்டேன்.”