உப்பில்லாத சோறு

"என்ற இருமலுக்கு மருந்து வாங்க வந்தா, இவருக்கு நோவுன்னு சொல்றீங்களேங்க!"

ராசாத்தாள் கண் கலங்க டாக்டர் அரங்கசாமியைப் பார்த்தாள். சரவணம்பட்டியிலிருந்து விடியலில் வண்டி பூட்டி அவளைக் கோயமுத்தூருக்கு அழைத்து வந்தது அவள் கணவன் நஞ்சுண்டன்தான். அவளைப் பார்த்து முடித்ததும் டாக்டர் அவனையும் உள்ளறைக்குக் கூட்டிப் போனார். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அவன் தலையைத் தொங்கப் போட்டிருந்தான்.

"பயப்படாதீங்க அம்மணி. இருதயத்துக்குள்ள இருக்கற ஒரு கதவு சரியாத் திறக்கறதில்லை. சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தவங்களுக்குப் பின்னால இப்படி ஆகறதுண்டு."

"ஆளு கல்லாட்டம் இருக்காருங்களே! நெஞ்சு வலின்னு ஒரு நாள் படுத்ததில்லைங்க."

"வலிச்சாத்தான் இருதய நோவுன்னு இல்லைங்க. நாலு படி ஏறினா மூச்சு வாங்கும். பொழுது சாய்ஞ்சா பாதம் வீங்கும். மல்லாந்து படுத்தா மூச்சு முட்டும். சும்மா இருக்கறப்பவே படபடன்னு அடிச்சுக்கும்."

"வேலை செய்யறவங்களுக்கு இதெல்லாம் வர்றதுதானுங்களே?"

"அப்படி நெனச்சுத்தான் எல்லாரும் ஏமாந்து போறாங்க."

ராசாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என்ன செய்யோணும், சொல்லுங்க. செஞ்சுபோடறேன்."

"கனமான வேலை கூடாது. உப்பு ஆகாது. அவருக்கு மட்டும் தனியாச் சமைச்சா மனசு ஏங்கும், நீங்களும் அதையே சாப்பிடுங்க. ஆளைத் தனியா விடக் கூடாது. மத்தியானம் ரெண்டு மணி நேரம் அவருகூடவே படுத்து எந்திரிங்க. உங்களுக்கு இந்தச் சொட்டு மருந்து, ஒரு நாள் தவறக் கூடாது. பாத்துக்கறவங்களுக்குத் தெம்பு வேணுமில்லீங்களா?"

ராசாத்தாள் அத்தனையும் அப்படியே செய்தாள். கொள்ளுப் பருப்பில் ஒரு கல் உப்புப் போடவில்லை. முதல் கவளம் தொண்டையில் இறங்க மறுத்தது. அவன் பார்க்கிறானே என்று சிரித்துக்கொண்டே விழுங்கினாள். மாடு பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்க ஒருவனையும், மாவாட்டப் பக்கத்து வீட்டுக் குழந்தையம்மாளையும் வைத்துக்கொண்டார்கள். அப்படியும் பழக்கத்தில் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். உள்ளேயிருந்து குரல் வரும்.

"அம்மணி, நெஞ்சு என்னமோ பண்ணுது. செத்த கிட்ட வந்து உக்காரு."

குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வருவாள்.

பங்காளி பாலுசாமி ஒரு நாள் வாசலில் நின்று கேட்டே விட்டான். "பஞ்சு மூட்டையை ஒத்தையாளாத் தூக்கறவன், பொண்டாட்டி கையைப் புடிச்சுக்கிட்டுக் கட்டில்ல கெடக்கறியே, வெக்கமா இல்லியா?"

நஞ்சுண்டன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ராசாத்தாள்தான் சீறினாள். "நோவு வந்தவரைப் பேச உங்களுக்கு எப்படிங்க வாய் வருது?"

அன்று மாலை விளக்கேற்றிவிட்டு, கிழக்கே திரும்பி நின்று கைகூப்பினாள். "அவிநாசியப்பா, என்ற ஆயுசுல பாதியை எடுத்து இவருக்குக் குடுத்துரு."

கட்டிலில் இருந்த நஞ்சுண்டன் சட்டென்று எழுந்து கட்டுத்தரைக்குப் போனான். மாட்டின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

இரண்டு மாதம் கழித்து, தண்ணீர் இறைக்கிறவனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, ராசாத்தாள் இல்லாமல் அவன் மருந்து வாங்கக் கோயமுத்தூர் வந்தான்.

"மூச்சு வாங்கறது எப்படி இருக்குது?" என்று கேட்டார் டாக்டர்.

"நல்லாக் குறைஞ்சிருக்குதுங்க. கால் வீக்கமும் வடிஞ்சிருச்சு. முன்னெல்லாம் சாய்ஞ்சு உக்காந்தாத்தான் தூக்கம் வரும். இப்ப ஒரு தலகாணி போதுமுங்க."

"ரொம்ப நல்லதுங்க. இனியாவது உண்மையைச் சொல்லிரலாமா?"

நஞ்சுண்டன் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

"வேண்டாமுங்க. நோவு தனக்குத்தான்னு தெரிஞ்சா ராசாத்தா ஒரு நாள் உக்கார மாட்டா, எனக்குன்னாத்தான் உக்காருவா. இருக்கற வரைக்கும் நானே நோயாளியா இருந்துக்கறனுங்க."