கனடாக்காரர்

கொழும்பின் வெள்ளவத்தைக் கடற்கரை, வந்த அன்றைக்கே வேலுசாமிக்குப் பிடிக்கவில்லை.

“இதையா எல்லாரும் பெரிய இடம்னு சொல்றாங்க? கடலுக்கு முன்னால ரயில் ரோடு, ரயில் ரோட்டுக்கு முன்னால குப்பை,” என்றார் ஹோட்டல் வரவேற்பறைப் பெண்ணிடம். “டொரண்டோவில எங்க ஏரிக்கரையைப் பாத்தீங்கன்னா இதைக் கடல்னே சொல்லமாட்டீங்க.”

எண்பத்துமூன்றில் தமிழரை அடித்துத் துரத்திய கலவரத்தில், இதே கொழும்பின் கிராண்ட்பாஸிலிருந்து ஓடிப்போனவர். பதினான்கு வருஷம் கழித்து, கனடாக் கடவுச்சீட்டும் புதுக் கெமராவும் கழுத்தில் தடித்த சங்கிலியுமாகச் சுற்றுலா வந்திருந்தார். கிராண்ட்பாஸில் இருக்கும் சொந்தத் தம்பி வீட்டுக்கு மட்டும் இன்னும் போகவில்லை. அந்தச் சந்துக்குள் போனால் சப்பாத்து அழுக்காகிவிடும்.

மஷூர் என்றொரு ஓட்டோக்காரன் அவரையே சுற்றிக்கொண்டிருந்தான். ஹோட்டல் வாசலில் நிற்பான். பேக்கரிக்குப் போனால் பின்னாலேயே வருவான். அவன் கண் தன் சங்கிலியின் மேல்தான் என்று வேலுசாமி முடிவு கட்டிவிட்டார்.

ஒரு நாள் கடலைப் படம் எடுக்கப் போனபோது, “ஸேர், கெமராவ உள்ள வைங்க. யுத்த நேரம், ஆமிக்காரன் கண்டா புலின்னு சொல்லிப் புடிச்சிட்டுப் போவான்,” என்றான்.

“உன் வேலையைப் பாரு,” என்றார் வேலுசாமி.

அந்த ஊரில் அவர் மனுஷியாக மதித்தது றோஸி ஒருத்தியைத்தான். பக்கத்து அறையில் தங்கியிருந்தாள். “லண்டன்ல இருந்து வந்தனான். வந்த நாள் தொட்டு ஒரே தலையிடி,” என்றுதான் அறிமுகமானாள். அதன் பிறகு இருவரும் சேர்ந்தே ஊரை ஏசினார்கள். தேநீரில் சீனி கூடிவிட்டது என்று அவர் முகம் சுளித்தால், கோப்பையில் கறை இருப்பதை அவள் காட்டினாள். காலில் மணல் ஒட்டுவதுகூட அவர்களுக்கு இந்த நாட்டின் குற்றம்தான். மனம்விட்டுக் கதைக்க இப்படியொரு துணை கிடைத்ததில் வேலுசாமிக்குப் பரம திருப்தி.

வெள்ளிக்கிழமை மாலை இருவரும் கடலோரம் நடந்துகொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து மஷூர் வந்து அவர் தோளைத் தொட்டான்.

“ஸேர், ஒரு சின்ன விசயம்…”

வேலுசாமியின் கை சங்கிலிக்குப் போனது. தோள்பையைக் கழற்றி றோஸியிடம் திணித்துவிட்டு, மஷூரின் கொலரைப் பிடித்தார். “திருட்டுப் பயலே” என்று அவர் போட்ட சத்தத்தில் கூட்டம் கூடிவிட்டது. மஷூர் சட்டையை விடுவித்துக்கொண்டு போனான். சங்கிலி கழுத்தில் பத்திரமாக இருந்தது. பையைத் திருப்பிக் கொடுத்த றோஸியின் முகம் வெளிறிப்போயிருந்தது.

“இனி இந்த ஊர்ல ஒரு நாளும் இருக்க ஏலாது,” என்று அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். வேலுசாமிக்கு அவள் மேல் மதிப்பு இன்னும் கூடியது.

ஞாயிறு காலை, ஊர் திரும்பப் பெட்டி அடுக்கும்போதுதான் தோள்பைக்குள் பார்த்தார். கெமரா இருந்தது, டொலர் இருந்தது. கடவுச்சீட்டைக் காணவில்லை.

“அந்த ஓட்டோக்காரன்தான்,” என்றார் பொலிஸ் நிலையத்தில்.

மஷூர் ஹோட்டல் வாசலிலேயே அகப்பட்டான். கையில் ஒரு போத்தல்.

“என்ட நானா, எனக்கு மூத்தவர், டொரண்டோவுல ஈக்கிறார், ஸேர்,” என்றான் இன்ஸ்பெக்டரிடம். “இது உம்மா செஞ்ச சீனிச்சம்பல். இவர்ட்ட குடுத்து அனுப்ப ஏலுமான்னு கேக்கத்தான் பின்னால திரிஞ்சேன். வாயத் தொறக்க உட்டாத்தானே.”

தமிழ் தெரிந்த இன்ஸ்பெக்டர் போத்தலைத் திருப்பிக் கொடுத்து அவனை அனுப்பிவிட்டார். பிறகு வேலுசாமி பக்கம் திரும்பினார்.

“அடையாள அட்டை?”

“அது எனக்கு எதுக்கு? நான் கனேடியன்.”

இன்ஸ்பெக்டர் விமான நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, பெயரைச் சொல்லி விசாரித்தார். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ரிசீவரை வைத்துவிட்டு வேலுசாமியை மேலும் கீழும் பார்த்தார்.

“கனடாக்காரர் வேலுசாமி நேத்தே தன்னோட மனைவி றோஸியைக் கூட்டிக்கிட்டு பிளேன் ஏறிட்டாராம். உங்க ஊர் ரொம்ப அழகுன்னு சொல்லி, எல்லாருக்கும் கைகுடுத்துட்டுப் போன நல்ல மனுசனாம்.”

இன்ஸ்பெக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“இப்ப சொல்லுங்க, அடையாள அட்டை இல்லாம வெள்ளவத்தையில சுத்துற நீங்க யாரு?”